திருகோணமலை – ரொறன்ரோ வான்தூரம்: 13,890 ஆ, 14,370 ஆ, 16,150 ஆ?

உவர்மலை
வணக்கம். பிள்ளைகளின் புவியியல் செயற்றிட்டத்துக்குத் திருகோணமலைக்கும் ரொறன்ரோவுக்கும் இடையிலான வான்தூரம் தேவை. ஒரு தூரக் கணிப்பான் 13,890 கி.மீ. என்கிறது. அதே கணிப்பானில் 'மாறாத்திசைக் கோடு' என்ற தெரிவை அழுத்தினால் 16,150 வருகிறது. கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்) – டுபாய், டுபாய் – ரொறன்ரோ இரண்டையும் கூட்டினால் 14,370. பிள்ளைகள் எதை எழுதுவது? இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

மூதூர் மாலுமி
மூன்று எண்ணும் சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை.

13,890 என்பது பெருவட்டத் தூரம். பூமியின் மையத்தையும் இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்லும் தளம் பூமியின் மேற்பரப்பை வெட்டும் வட்டத்தில், இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட சிறிய வில்லின் நீளம். மேற்பரப்பில் இதைவிடக் குறுகிய வழி கிடையாது. 'வான்தூரம்' என்று கேட்டால் எழுதவேண்டியது இதைத்தான்.

16,150 என்பது திசைகாட்டியை ஒரே பாகையில், இங்கே சுமார் 284இல், வைத்துக்கொண்டே போனால் வரும் தூரம். நெட்டாங்குக் கோடுகள் இணையாக வரும் மேர்க்காற்றர் வரைபடத்தில் அடிமட்டம் வைத்துக் கீறும் நேர்கோடு அதுதான். பாய்மரக் காலத்தில் அது வசதியாக இருந்தது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் அப்படிப் போனால் 2,260 கி.மீ. வீண்.

14,370 என்பது கட்டுநாயக்கவிலிருந்து தொடங்கி டுபாயில் இறங்கி ஏறும் வழியின் நீளம். தொடக்கப் புள்ளியே வேறு என்பதால் அதை 13,890 உடன் நேரடியாக ஒப்பிடக்கூடாது. கட்டுநாயக்க – ரொறன்ரோ பெருவட்டம் 13,995. அதனோடுதான் ஒப்பிடவேண்டும்.

உவர்மலை
நன்றி. கணிப்பான் சொன்னதை அப்படியே எழுதினால் பிள்ளைகளுக்குப் பிரயோசனம் இல்லை. கையால் கணிக்கும் படிகளைத் தர முடியுமா? சாதாரண தரப் பிள்ளைகளுக்கு எட்டுமா?

பாலையூற்று
எட்டும். விஞ்ஞானக் கணிப்பான் ஒன்று போதும்.

முதலில் ஆள்கூறுகள். நகரத்தின் நடுவை எடுப்பதா, விமான நிலையத்தை எடுப்பதா என்று முதலே தீர்மானியுங்கள். நான் விமான நிலையங்களை எடுக்கிறேன்.

சீனன்குடா (திருகோணமலை விமான நிலையம்): அகலாங்கு 8.5386 வடக்கு, நெட்டாங்கு 81.1819 கிழக்கு.
ரொறன்ரோ பியர்சன்: அகலாங்கு 43.6772 வடக்கு, நெட்டாங்கு 79.6306 மேற்கு.

மேற்கு நெட்டாங்குக்கு மறைக் குறி. ஆகவே நெட்டாங்கு வித்தியாசம் 81.1819 − (−79.6306) = 160.81 பாகை.

இரண்டு அகலாங்குகளின் சைன் பெறுமானங்களைப் பெருக்குங்கள்: 0.1485 × 0.6906 = 0.1026.
இரண்டின் கோசைன்களையும் பெருக்கி, அதை நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனால் பெருக்குங்கள்: 0.9889 × 0.7232 × (−0.9444) = −0.6754.
இரண்டையும் கூட்டினால் −0.573 அளவில் வரும். எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று பார்த்தால் 124.95 பாகை. பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களும் ஆக்கும் கோணம் அதுதான்.

பூமியின் சராசரி ஆரை 6,371 கி.மீ. அப்படியானால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் 13,893. நான்கு தசமதானத்தில் நிறுத்தியதால் கடைசி இலக்கம் ஆடும். '13,890 அளவு' என்று எழுதினால் போதும்.

பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மறைக் குறியை விட்டுவிட்டால் ரொறன்ரோ சீன எல்லைக்கருகே கசகஸ்தானுக்குப் போய்விடும், விடை 3,900 அளவில் வரும். 4,000க்குக் குறைந்த விடையைக் கண்டால் உடனே குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது பாகை, கலை. ஒரு பாகையில் 60 கலை. 8 பாகை 32 கலை என்பது 8.32 அல்ல, 32ஐ 60ஆல் பிரித்து 8.533. எக்செல்லில் செய்வதானால் அது கோணத்தை ஆரையனில் (ரேடியன்) தான் வாங்கும். ஒவ்வொரு பாகையையும் முதலில் ஆரையனுக்கு மாற்றவேண்டும்.

தம்பலகாமத்தான்
இணையத்தில் 'ஹாவர்சைன்' என்றொரு சூத்திரம் கிடக்கு. அதுதான் திறம் எண்டு சொல்லுறாங்கள். பாலையூற்று அண்ணா தந்தது பழைய முறையோ?

பாலையூற்று
இரண்டும் ஒரே முக்கோணத்திலிருந்து வருபவை தம்பி. கோசைன் சூத்திரம் மிகக் குறுகிய தூரத்தில் தடுமாறும். திருகோணமலை நகரத்துக்குள்ளேயே கோட்டையடிக்கும் உவர்மலைக்கும் இடையில் கணித்தால் கோசைன் 1க்கு மிக அருகில் வரும், சிறிய கணிப்பானில் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும். ஹாவர்சைன் அங்கே நன்றாக வேலை செய்யும். அது தடுமாறுவது உலகின் நேர் எதிர்ப் பக்கத்துக்கு அருகில். 125 பாகையில் இரண்டாலும் ஒரே விடை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் கோளமா நீள்வட்டத்திண்மமா (முனைகளில் சற்றுத் தட்டையான உருண்டை) என்பதில் இருக்கிறது. பூமியின் மத்தியகோட்டு ஆரை 6,378.137 கி.மீ., முனைவு ஆரை 6,356.752 கி.மீ. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 மாதிரி இதுதான். கோளம் என்று எடுத்தால் பிழை அரைச் சதவீதம் வரை போகலாம். திருத்தமாக வேண்டுமானால் வின்சென்ரியின் 1975ஆம் ஆண்டு முறை இருக்கிறது. ஆனால் எதிர்ப்புள்ளிக்கு அருகான சோடிகளில் அது ஒரு விடைக்கு ஒருங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் குறையைக் கார்னி 2013இல் தந்த முறை தீர்த்தது. இரண்டு கணிப்பான்களுக்கிடையே பத்து இருபது கி.மீ. வித்தியாசம் கண்டால் பெரும்பாலும் காரணம் இதுவாகவோ, ஒன்று நகரத்தையும் மற்றது விமான நிலையத்தையும் எடுத்ததாகவோ இருக்கும்.

நிலாவெளி
ஒரு சந்தேகம். கனடா மேற்கில இருக்கு. கொழும்பும் திருகோணமலைக்கு மேற்கில. அப்ப கட்டுநாயக்கதானே ரொறன்ரோவுக்குக் கிட்ட வரவேணும்? மேல 13,995க்கு எதிரா 13,890 எண்டு போட்டிருக்கு. மாறிப்போச்சோ?

மூதூர் மாலுமி
மாறவில்லை. திருகோணமலைதான் 100 கி.மீ. கிட்ட.

சீனன்குடாவிலிருந்து ரொறன்ரோவுக்குப் பெருவட்டத்தின் தொடக்கத் திசை 343 பாகை, அதாவது ஏறக்குறைய வடக்கு, சற்றே மேற்குச் சாய்ந்தது. கோடு இந்தியாவின் நடுவால் ஏறி, பாகிஸ்தான் – ஆப்கானிஸ்தான் எல்லைப் பக்கமாகக் கசகஸ்தானுக்குள் புகுந்து, உரால் மலைக்கு மேற்கே ரஷ்யாவைக் கடந்து, நோர்வேயின் வடநுனியைத் தொட்டு, 73 பாகை வடக்கு வரை போய், கிரீன்லாந்தைக் குறுக்கறுத்து, கியூபெக்கால் இறங்குகிறது. வடக்கு நோக்கிப் போகும் வழியில் வடக்கே இருப்பவருக்குத் தூரம் குறைவு. மேற்கு கிழக்கு இங்கே சின்ன விசயம்.

வகுப்பில் காட்ட நல்ல வழி பூகோள உருண்டையும் நூலும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. திருகோணமலையில் நூலை அழுத்திப் பிடித்து ரொறன்ரோ வரை விறைப்பாக இழுத்தால் நூல் தானாகவே வடக்கே ஏறிப் போகும். நீளம் 32.7 செ.மீ. அளவில் வரும். நூல் தளர்ந்தால் ஒரு செ.மீ. கூடிவிடும், இரண்டு பேர் பிடிக்கவேண்டும்.

மெல்பேணுக்குப் பார்த்தால் கட்டுநாயக்கவிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் ஏறக்குறைய ஒரே 8,350 அளவுதான். கட்டுநாயக்கவிலிருந்து நாங்கள் வடகிழக்கே இருக்கிறோம். மெல்பேண் தென்கிழக்கே. இரண்டு திசைக்கும் இடையில் செங்கோணம், ஆகவே கூடவுமில்லை குறையவுமில்லை. லண்டனுக்கு நாங்கள் 25 கி.மீ. சொச்சம் கிட்ட: கட்டுநாயக்கவிலிருந்து 8,715, இங்கிருந்து 8,690.

நிலாவெளி
விளங்கீற்று. நன்றி.

கன்னியா
பயணச்சீட்டுத் தொழில் பக்கமிருந்து இதைப் பார்க்கலாம். சுற்றிப் போனால் தூரம் பெரிதாகக் கூடும் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். எண்களைப் பாருங்கள், கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ:

நேரே 13,995.
டுபாய் வழி 3,290 + 11,080 = 14,370.
லண்டன் வழி 8,715 + 5,705 = 14,420.
டில்லி வழி 2,395 + 11,640 = 14,035.

டுபாய் நேர்கோட்டிலிருந்து 1,650 கி.மீ. மேற்கே தள்ளி இருக்கிறது. இருந்தும் கூடுவது 375 கி.மீ. மட்டும், மூன்று சதவீதம்கூட இல்லை. டில்லி கிட்டத்தட்டக் கோட்டிலேயே இருக்கிறது.

மூதூர் மாலுமி
இதை ஒரு படி விரித்துச் சொல்லவேண்டும், இந்த இழையில் மிகவும் பயனுள்ள இடம் என்று எனக்குப் படுகிறது. இரண்டு ஊர்கள் எவ்வளவுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு விலகிப் போவதன் செலவு குறைகிறது. நேர் எதிர்ப்புள்ளிக்கு எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரே தூரம், சுமார் 20,015 கி.மீ. திருகோணமலையின் எதிர்ப்புள்ளி பெருவுக்கு மேற்கே பசிபிக்கின் நடுவில், 8.5 தெற்கு, 98.8 மேற்கு. லிமாவுக்குத் தூரம் 17,600. அங்கே போக மேற்கு வழியா கிழக்கு வழியா என்பதைத் தூரம் தீர்மானிக்காது, எங்கே இணைப்புக் கிடைக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

குறுகிய தூரத்தில் இது தலைகீழ். திருகோணமலையிலிருந்து சென்னைக்குக் கட்டுநாயக்க வழியாகப் போவதென்றால் தெற்கே இறங்கித் திரும்ப வடக்கே ஏறவேண்டும். அங்கே சுற்று உண்மையிலேயே நோகும்.

தம்பலகாமத்தான்
டில்லி வழி 40 கி.மீ. தானே கூட. அப்ப எல்லாரும் ஏன் அதால போகேல்லை?

கன்னியா
பெருவட்டம் ஒன்று, பறக்க விடும் வழி வேறொன்று. கனடா தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு 2022 பெப்ரவரி கடைசியில் மூடியது, ரஷ்யா பதிலுக்கு மூடியது. ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்கும் அதே நிலை. இந்திய, வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அடுத்து, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டில்லியிலிருந்து வடமேற்கே புறப்படும் இந்திய விமானத்துக்கு முதல் திருப்பத்திலேயே அடைப்பு. குஜராத் பக்கம் இறங்கி அரபிக்கடலால் சுற்றவேண்டும். சுற்றினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் பயணிகளையோ சரக்கையோ குறைக்கவேண்டும், அல்லது நடுவில் ஓரிடத்தில் இறங்கி நிரப்பவேண்டும்.

ரிக்கற் எடுக்கும்போது தூரத்தைப் பார்த்து வழியைத் தெரிவுசெய்யாதீர்கள். மாறும் இடத்தில் எத்தனை மணி நேரம், ஒரே ரிக்கற்றா இரண்டா, பெட்டி கடைசி இடம் வரை போகுமா, அந்த வாரம் எந்த வான்வெளி மூடியிருக்கிறது: இந்த நான்கும்தான் முக்கியம்.

பாலையூற்று
மூடாத வான்வெளியிலும் விமானம் பெருவட்டத்தில் அச்சொட்டாகப் போவதில்லை. ஓடுபாதை எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் ஏறித்தான் திரும்பவேண்டும். இறங்கும்போது வரிசை. வட அத்திலாந்திக்கில் கனடாவின் கண்டர், பிரித்தானிய, அயர்லாந்துப் பக்கத்தின் ஷான்விக் என்ற இரண்டு விமானக் கட்டுப்பாட்டு நிலையங்களும் நாளுக்கு இரண்டு தடவை அன்றைய காற்றுக்கேற்ப ஒழுங்குபடுத்திய தடங்களை வெளியிடுகின்றன. நேற்றைய வழி இன்றைக்கு இருக்காது.

உவர்மலை
பறக்கும் நேரத்தையும் பிள்ளைகள் கணிக்கலாமா? 14,370ஐ மணிக்கு 900ஆல் பிரித்தால் 16 மணித்தியாலம் வருகிறது. ரிக்கற்றில் பறப்பு நேரம் மட்டும் 18க்கு மேல்.

பாலையூற்று
இரண்டு துண்டையும் தனித்தனியே கணிக்கவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போதல், ஏறுதல், இறங்குதல் என்று அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை சேரும்.

பிறகு காற்று. 900 என்பது காற்றைச் சார்ந்த வேகம், தரையைச் சார்ந்ததல்ல. ஒன்பது பத்துக் கி.மீ. உயரத்திலிருந்து மேலே மேற்கிலிருந்து கிழக்கே தாரைக்காற்று ஓடுகிறது, மாரியில் மணிக்கு 200 கி.மீ. தாண்டுவது சாதாரணம். அது முழுவழியும் எதிரே நிற்பதில்லை, வழியைத் திருப்பித் தப்பிக்கவும் முடியும். சராசரி எதிர்க்காற்று 50 என்று வைத்துக்கொண்டால் தரைவேகம் 850. டுபாய் – ரொறன்ரோ 11,080ஐ 850ஆல் பிரிக்க 13 மணி 2 நிமிடம். முக்கால் மணி சேர்த்தால் 13 மணி 47 நிமிடம். அட்டவணையில் சுமார் 14 என்றுதான் போடுவார்கள். திரும்பி வரும்போது அதே காற்று பின்னால் தள்ளும், ஒரு மணித்தியாலம்வரை குறையும். கட்டுநாயக்க – டுபாய் நாலரை மணி. ஆக 18 சொச்சம் சரி.

உள்ளூர் நேரத்தைக் கழித்துப் பறப்பு நேரம் காண்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இலங்கை கிறீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். டுபாய் நான்கு முன்னால். ரொறன்ரோ மாரியில் ஐந்து பின்னால், கோடையில் நான்கு பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கோடை நேரம். எடுத்துக்காட்டாக, கோடையில் டுபாயில் அதிகாலை 3.30க்குப் புறப்பட்டு அதே நாள் ரொறன்ரோ நேரம் 9.30க்கு இறங்கினால் கடிகார வித்தியாசம் 6, நேரவலய வித்தியாசம் 8, பறப்பு 14 மணி. மார்ச்சிலும் நவம்பரிலும் ரிக்கற் எடுத்தவர்கள் இந்த ஒரு மணியைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

தம்பலகாமத்தான்
கட்டுநாயக்கவில இருந்து நேரே ரொறன்ரோவுக்கு ஒரு பிளேனும் போக ஏலாதோ? சிங்கப்பூரில இருந்து நியூயோர்க் போகுதே.

பாலையூற்று
சிங்கப்பூர் – நியூயோர்க் 15,300க்கு மேல். அதைப் பறப்பது அதற்கென்றே எரிபொருள் கொள்ளளவைக் கூட்டிய ஏ350-900 நெடுந்தூர வகை, தயாரிப்பாளர் சொல்லும் எல்லை 18,000 கி.மீ. ஸ்ரீலங்கன் வைத்திருக்கும் ஏ330-300இன் எல்லை 11,750 அளவு. 777-300ஈஆர் 13,650 அளவு. இரண்டும் 13,995ஐ எட்டாது.

விவரப்பட்டியலில் போடும் எல்லை காற்றில்லாத வானத்துக்கானது என்பதையும் மறக்கக்கூடாது. 13,995ஐ 850ஆல் பிரித்தால் பதினாறரை மணி. பதினாறரை மணியும் காற்றில் 900 வேகத்தில் ஓடியது 14,820. தரையில் 13,995 ஆக இருப்பது விமானத்துக்கு 14,820. அதற்குமேல் மாற்று விமான நிலையத்துக்கான எரிபொருள், கட்டாயக் கையிருப்பு. 777-300ஈஆர் மணிக்கு ஏழு, எட்டுத் தொன் எரிக்கும். அவ்வளவு எரிபொருளையும் சுமந்துகொண்டு ஏறுவதற்கே எரிபொருள் வேண்டும். பத்துப் பதினைந்து மணிக்கு மேற்பட்ட பறப்புகள் விலையில் ஏறிப்போவதற்கு அது ஒரு காரணம்.

நிலாவெளி
சீனன்குடாவில இருந்தே வெளிநாட்டுக்குப் பறந்தா நல்லா இருக்கும்.

மூதூர் மாலுமி
சீனன்குடா ஓடுபாதை சுமார் 2,400 மீற்றர். விமானப்படைப் பயிற்சிக் கல்லூரி அங்கேதான். ஏ320 வகைக்கு நீளம் போதும், சென்னைக்கோ பெங்களூருக்கோ தாராளம். முழு எரிபொருளோடு பெரிய அகலவுடல் விமானம் எழும்பக் காணாது. வெப்பமான நாளில் காற்றின் அடர்த்தி குறைவு, இன்னும் நீளம் கேட்கும். கட்டுநாயக்க மூவாயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல். ஓடுபாதை இருந்தால் மட்டும் போதாது. குடிவரவு, சுங்கம், தீயணைப்புத் தரம், எரிபொருள் நிரப்பும் வசதி எல்லாம் சேரவேண்டும்.

கன்னியா
எங்கள் ஊர்க்காரருக்கு நீண்ட பயணத்தின் மிக மெதுவான துண்டு முதல் துண்டுதான். சீனன்குடா – கட்டுநாயக்க நேர்கோட்டில் 208 கி.மீ. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருணாகல் வழியாகத் தரையில் 250 அளவு, ஐந்திலிருந்து ஆறு மணி. டுபாய்க்குப் பறக்கும் நேரத்தைவிட அதிகம். ஹபரணைக்கு முன்னும் பின்னும் இரவில் யானை குறுக்கிடும், வேகம் வைக்க முடியாது. விமானம் புறப்பட மூன்று மணி முன்னால் அங்கே நிற்கவேண்டும், வழியில் ஒரு மணி கையிருப்பு. ஆகவே விமானம் புறப்படும் நேரத்துக்குப் பத்து மணி முன்னால் வீட்டை விட்டு இறங்குவது பாதுகாப்பு. இரவு ரயிலில் வருபவர்கள் கொழும்புக் கோட்டையிலிருந்து கட்டுநாயக்கவுக்குத் திரும்ப வடக்கே வரும் நேரத்தையும் சேர்க்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தின் பலாலி – சென்னை 356 கி.மீ. தான், தூரத்தில் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் சென்னையிலிருந்து மற்றப் பயணம் தனி ரிக்கற் என்றால் குடிவரவைக் கடந்து பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை.

உவர்மலை
கடைசியாக ஒன்று. சில ரிக்கற்றுகளில் மைல் கணக்கு வருகிறது. 13,995 கி.மீ.க்கு ஓரிடத்தில் 8,696, இன்னோரிடத்தில் 7,557.

கன்னியா
8,696 தரை மைல், ஒன்று 1.609 கி.மீ. 7,557 கடல் மைல், ஒன்று 1.852 கி.மீ. விமானி கடல் மைலில் கணக்குப் பார்ப்பார். கட்டண விதிகளும் புள்ளித் திட்டங்களும் தரை மைலில். ஐஏரிஏ (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) கட்டண முறையில் இரண்டு ஊர்களுக்கு இடையே அனுமதிக்கப்பட்ட உச்ச மைலேஜ் ஒன்று உண்டு, பொதுவாக நேர்த்தூரத்தைவிட 20 சதவீதம் கூட. அதற்குள் எத்தனை இடத்தில் மாறினாலும் மைலேஜுக்காகக் கட்டணம் கூடாது. தாண்டினால் 5, 10, 15 என்று 25 சதவீதம் வரை ஏறும். மேலே போட்ட மூன்று வழியும் எல்லைக்குள் வசதியாக அடங்கும்.

பெருவட்டத் தூரம் பணமாக மாறும் இடம் இன்னொன்று இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் கடுமையாகப் பிந்தினாலோ ரத்தானாலோ, காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தால், நட்டஈடு தூரத்தைப் பொறுத்தது. 3,500 கி.மீ. மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை. பாரிஸ் – கொழும்பு அந்தப் பிரிவில் வரும். நடுவில் எங்கே மாறினாலும் புறப்பட்ட இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையிலான பெருவட்டம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்த்தது. சுற்று வழியின் நீளத்தைக் காட்டிக் கூடக் கேட்க முடியாது. இரண்டு துண்டும் ஒரே முன்பதிவில் இருக்கவேண்டும்.

உவர்மலை
போதும், நன்றி. பிள்ளைகளுக்கு விமான நிலைய ஆள்கூறுகளையும் பாலையூற்று அண்ணாவின் படிகளையும் கொடுத்து, உருண்டையில் நூல் வைத்து விடையைச் சரிபார்க்கச் சொல்கிறேன். லிமாவையும் மெல்பேணையும் அவர்களே கணிக்கட்டும். லிமாவில் அகலாங்கும் மறை, நெட்டாங்கும் மறை. மெல்பேணில் அகலாங்கு மட்டும் மறை.